நூல் காசு மட்டும் போதுமா?

மும்பை செம்பூரானாலும் தில்லி கரோல் பாகானாலும் கோவையானாலும் இந்தக் காட்சி மாறுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வருகிறாள். டீப்பாய் மேல் விரித்திருக்கும் வெள்ளைக் குரோஷா விரிப்பைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"கடையில வாங்கினதா அக்கா?"

"இல்லைம்மா, நானே போட்டது. மத்தியானம் சும்மா இருக்கிற நேரத்துல."

"எனக்கு ஒண்ணு போட்டுத் தருவீங்களா? காசு கொடுத்துடறேன்."

அக்காவின் முகம் மலர்கிறது. ஒரு நிமிடம் யோசிக்கிறார். பிறகு சொல்கிறார்: "உன்கிட்டப் போய் என்ன காசு? நூல் காசை மட்டும் கொடு, போதும்."

அந்த நிமிடத்தில் ஒரு தொழில் பிறக்கிறது. பிறக்கும்போதே நஷ்டத்தோடு பிறக்கிறது.

அடுத்த மாதம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நாத்தனார் கேட்பார். பிறகு அவருடைய அலுவலகத் தோழி. எல்லோரிடமும் நூல் காசுக்கு மேல் ஐம்பதோ நூறோ வாங்க அக்காவுக்குக் கூச்சம். ஆறு மாதம் கழித்துக் கழுத்து வலிக்கிறது, கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, பீரோவில் இருக்கும் பணம் முன்னூறு ரூபாய். "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று ஊசி பெட்டிக்குள் போகிறது. தொழில் படுத்ததற்குக் காரணம் சந்தை இல்லை, போட்டி இல்லை, முதலும் இல்லை. 'சும்மா இருக்கிற நேரம்' என்ற அந்த மூன்று வார்த்தைகள்தான்.

இந்த வார்த்தைகளின் விலை என்ன என்பதை ஓர் ஊரே கொடுத்துக் காட்டியிருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபுரம் லேஸுக்குப் பெயர் போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புக்காகக் குரோஷா பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். (நாகர்கோவில் பக்கம் லேஸ் பரவியதும் அப்படித்தான். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி அங்கே பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.) கோதாவரி டெல்டாவின் கிராமங்களில் இந்தக் கலை வீட்டுக்கு வீடு பரவியது. நரசாபுரத்து லேஸ் கப்பலேறி வெளிநாட்டு மேஜைகளை அலங்கரித்தது.

1970களின் இறுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்தக் கிராமங்களில் ஆய்வு செய்தார். 1982இல் அது புத்தகமாக வந்தது. அவர் கண்டது இதுதான்: நாள்தோறும் ஆறு மணி, எட்டு மணி நேரம் லேஸ் பின்னிய பெண்கள் தங்களைத் தொழிலாளிகள் என்று நினைக்கவில்லை. அவர்கள் 'வீட்டோடு இருக்கும்' பெண்கள். வெயிலில் இறங்காமல், வயலுக்குப் போகாமல், ஓய்வு நேரத்தில் ஏதோ கைவேலை செய்பவர்கள். கணவர்களும் அப்படியே நினைத்தார்கள். நூலைக் கொடுத்து லேஸை வாங்கிப்போன ஏஜெண்டும் ஏற்றுமதியாளரும் அப்படி நினைப்பதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. ஓய்வு நேரத்துக்கு யார் கூலி கேட்பார்கள்?

ஒரு பெண் பூக்களை மட்டும் பின்னினாள். வேறொருத்தி அவற்றை இணைத்தாள். முழு விரிப்பு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது இருவருக்கும் தெரியாது. வயலில் இறங்கிக் களை பறித்த கூலிப் பெண், அந்தஸ்தில் தனக்கு மேலே இருந்த லேஸ் பின்னும் பெண்ணைவிட அதிகம் சம்பாதித்தாள் என்பது அந்த ஆய்வு சொன்ன கசப்பான உண்மை. 'இல்லத்தரசி' என்ற கௌரவத்துக்கு அந்தப் பெண்கள் தினமும் கொடுத்த விலை அது.

நரசாபுரத்து லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. பின்னும் விரல்களின் நேரத்துக்கு விலை வைப்பது எந்தக் குறியீட்டாலும் நடக்கிற காரியமல்ல.

நேரத்துக்கு விலை உண்டு என்பதை ஒரு சமூகமே உணர்ந்த கதை குஜராத்தின் கச்சுப் பகுதியில் நடந்தது. அங்கே ரபாரி இனப் பெண்கள் தங்கள் திருமணச் சீர்த் துணிகளைத் தாங்களே எம்ப்ராய்டரி செய்ய வேண்டும். சட்டை, முக்காடு, பை, உறை என்று அத்தனையையும் தைத்து முடிக்க வருடக் கணக்காகும். முடியும்வரை பெண் புகுந்த வீடு போக முடியாது. இந்தத் தாமதம் தாங்காமல், 1995இல் டேபரியா ரபாரி என்ற பிரிவின் பெரியவர்கள் ஒன்றுகூடி, தங்கள் சமூகத்தினர் எம்ப்ராய்டரி உடை அணியவே தடை விதித்தார்கள். அழகான ஒரு கலைக்குத் தடையா என்று வெளியுலகம் வருந்தியது நியாயம்தான். ஆனால் அந்தத் தடைக்குள் ஒரு கணக்கு இருந்தது. பெண்ணின் ஊசி ஓடும் நேரம் இலவசம் அல்ல என்பதுதான் அது.

அதே கச்சில் 1969இல் கடும் வறட்சி. தனேட்டி என்ற கிராமத்துக்கு நிவாரணப் பணிக்காகப் போன சந்தா ஷ்ராஃப் என்ற பெண்மணி, இலவசமாகக் கொடுத்ததை வாங்கத் தயங்கிய பெண்களைப் பார்த்தார். அவர்கள் உடுத்தியிருந்த துணியில் இருந்த வேலைப்பாட்டையும் பார்த்தார். தங்களுக்காக மட்டும் தைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களிடம் புடவைகளைக் கொடுத்து, எம்ப்ராய்டரி செய்யச் சொல்லிக் கூலி கொடுத்தார். 'ஸ்ருஜன்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. துணியும் நூலும் வீடு தேடிப் போயின. வேலை முடிந்ததும் கூலி வந்தது. நரசாபுரத்திலும் நூல் வீடு தேடித்தான் போனது. இரண்டு இடத்திலும் ஊசி ஒன்றுதான். நரசாபுரத்தில் ஓய்வு நேரமாக இருந்தது, இங்கே ஆரம்பத்திலிருந்தே வேலையாக மதிக்கப்பட்டது.

சரி, செம்பூர் அக்கா என்ன செய்வது? முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்க வேண்டும். ஊசியை எடுக்கும்போது மணியைக் குறித்து, வைக்கும்போதும் குறிக்க வேண்டும். ஊசி ஓடும் நேரம் மட்டும் நேரம் அல்ல. நூல் வாங்க பஸ்ஸில் போன நேரம், கலர் பிடிக்கவில்லை என்று பிரித்துப் போட்ட நேரம், வாங்குபவரிடம் போனில் பேசிய நேரம், துவைத்து இஸ்திரி போட்ட நேரம் எல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. டீப்பாய் விரிப்பு ஒன்றுக்கு நூல் ரூ. 400 ஆகிறது. போட்டு முடிக்க 30 மணி நேரம். அக்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ரூ. 600 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது ரூ. 200. முப்பதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்கு அது போதாது.

இப்போது மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ரூ. 50 என்று அடக்கமாகவே கூலி வைத்தால் 30 மணிக்கு ரூ. 1,500. நூல் ரூ. 400. பை, பேக்கிங், பஸ் செலவு ரூ. 100. ஆக அடக்க விலையே ரூ. 2,000. அதை ஒரு கடையில் வைத்து விற்று, கடைக்காரர் 30 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டால், சீட்டில் போட வேண்டிய விலை ஏறத்தாழ ரூ. 2,850. 

இந்த இடத்தில்தான் பலரும் நோட்டை மூடிவிடுகிறார்கள். "இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? மெஷின் லேஸ் முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே!" கேள்வி சரியானது. அதற்குப் பதில் விலையைக் குறைப்பது அல்ல. எந்தப் பொருளைச் செய்வது என்று மாற்றி யோசிப்பது.

இரண்டு மணி நேரத்தில் முடிகிற குழந்தைக் காலுறை ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளலாம். கூலி ரூ. 100, நூல் ரூ. 30, பேக்கிங் ரூ. 10. அடக்கம் ரூ. 140. கடைக் கமிஷன் சேர்த்து ரூ. 200. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பரிசு கொண்டுபோகிறவருக்கு இருநூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. மெஷினில் வருகிற காலுறையின் அருகில் கையால் பின்னியது தனியாகத் தெரியும். குழந்தையின் பெயரின் முதல் எழுத்தையும் பின்னிக் கொடுத்தால் மெஷின் அந்தப் பக்கமே வர முடியாது. டீப்பாய் விரிப்பைக் கைவிட வேண்டியதில்லை. அது ஆர்டரின் பேரில், பாதி விலை முன்பணம் வாங்கிக்கொண்டு செய்கிற பொருள். சிறியது மாதச் செலவுக்கு, பெரியது பெயருக்கு.

நேரக் கணக்கின் இன்னொரு லாபம், எங்கே வேலை வீணாகிறது என்பதையும் அது காட்டிவிடும். யாருடைய கண்ணுக்கும் படாத ஓரத்தில் மூன்று மணி நேரம் போயிருந்தால் அது தெரியும். பத்து விதமாகப் போடாமல் மூன்று விதத்தில் கை பழகினால் வேகம் கூடும். கூலியைக் குறைக்காமல் விலையைக் குறைக்க நேர்மையான வழி அது ஒன்றுதான்.

உறவினர்களுக்குச் சலுகை கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் முழு விலையைச் சீட்டில் எழுதி, சலுகையை அதற்குக் கீழே எழுதிக் கொடுக்க வேண்டும். ரூ. 2,000 பெறுமானமுள்ளதை ரூ. 1,200க்குக் கொடுப்பது அன்பு. ரூ. 2,000 பெறும் என்பதே இருவருக்கும் தெரியாமல் போவது வேறு விஷயம். அப்புறம் அந்த விலையே ஊர் விலை ஆகிவிடும். அதே தெருவில் அதே வேலையைச் செய்து பிழைக்க நினைக்கும் இன்னொரு பெண்ணின் வயிற்றிலும் அது அடிக்கும். நூல் காசுக்குச் செய்து தருகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால், கூலி கேட்கிறவர் பேராசைக்காரியாகத் தெரிவார்.

நேரத்துக்கு அடுத்தபடியாக விலை உள்ளது பெயர். பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சுவரில், மணவறையில், பண்டிகை நாட்களில் வரைந்து வந்தார்கள். 1966-67 வறட்சியின்போது, புபுல் ஜெயகரின் முயற்சியால் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பியது. சுவரில் வரைந்த பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். சுவர் ஊரை விட்டுப் போகாது. காகிதம் போகும், யார் வரைந்தது என்ற பெயரோடு போகும். ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சீதா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி என்று பட்டியல் நீண்டது.

அந்தப் பட்டியலில் துலாரி தேவியின் கதை தனி. மீனவச் சாதியில் பிறந்த அவர், ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். பெருக்கித் துடைத்துக்கொண்டே பார்த்தார், பிறகு கற்றார், வரைந்தார். 2021இல் அவருக்கும் பத்மஸ்ரீ. மற்றவர் வீட்டில் உழைத்த நேரத்துக்குக் கூலி என்ன என்று அறிந்திருந்தவர், தன் கையால் வரைந்த கோட்டுக்கும் விலை உண்டு என்பதை அறிந்துகொண்டார்.

செம்பூர் அக்காவுக்குப் பத்மஸ்ரீ வேண்டியதில்லை. ஆனால் காலுறையின் ஓரத்தில் ஒரு சிறு துணிச் சீட்டும், அதில் ஒரு பெயரும், எப்படித் துவைப்பது என்று ஒரு வரியும் இருந்தால், வாங்கினவர் அடுத்த முறை அதே பெயரைக் கேட்டு வருவார். பெயரில்லாத பொருளுக்கு ஏஜெண்டு வைத்ததுதான் விலை என்பதை நரசாபுரம் சொல்லிவிட்டது.

அரசாங்கச் சமாசாரங்கள் முன்பு போல மிரட்டுவதில்லை. உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. ஆதார் எண்ணை வைத்து ஆன்லைனில் செய்துவிடலாம், கட்டணம் கிடையாது. ஒரு மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு, பெரும்பாலான மாநிலங்களில், ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநிலத்துக்குள்ளேயே ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் முதல் இந்தச் சலுகை உண்டு. ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு 'பெஹ்சான்' அடையாள அட்டை தருகிறது. அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது அது உதவும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் முதல் படியான 'சிசு' கடன் ரூ. 50,000 வரை.

கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நோட்டில் ஆறு மாதக் கணக்கு இருக்க வேண்டும். ஒரு பொருளில் நஷ்டம் என்றால், கடன் வாங்கி நூறு பொருள் செய்தால் நூறு மடங்கு நஷ்டம்தான். அதேபோல, வருகிற பணம் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக இருக்கட்டும். கணவரின் கணக்கில் விழுந்து மளிகையாக மாறிவிடும் பணம், வருட முடிவில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியாதது மறுபடியும் 'ஓய்வு நேரம்' ஆகிவிடும்.

விற்கும் இடம் இன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நாலு நல்ல படம், சீட்டில் விலை, இத்தனை நாளில் தருவேன் என்ற உறுதி. இவற்றோடு ஆரம்பிக்கலாம். ஆனால் ஒரு முறையாவது கண்காட்சியில் ஸ்டால் போட்டு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஹரியானாவில் சூரஜ்குண்ட் மேளா 1987இலும் தலைநகரில் தில்லி ஹாட் 1994இலும் தொடங்கியது, செய்தவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் நிறுத்துவதற்குத்தான். ஊருக்கு ஊர் சிறிய சந்தைகள் இருக்கின்றன. வாங்க வருபவர் எதைக் கையில் எடுக்கிறார், எந்த விலையைக் கேட்டதும் திருப்பி வைக்கிறார் என்பதை ஒரு நாளில் கண்ணால் பார்த்துவிடலாம்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. மணிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் பின்னுவதில் இருந்த சுகம் போய்விடாதா? மத்தியான வெயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல், நினைத்த கலரில் போட்ட அந்த நேரம் ஆர்டராக மாறினால் அது வேறுதான். கெடு தேதி வரும். பிடிக்காத கலரில் பன்னிரண்டு ஜோடி போட வேண்டி வரும். எல்லா ஆசையும் தொழிலாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேத்திக்குப் போடுகிற ஸ்வெட்டருக்கு விலைச் சீட்டு வேண்டாம். அது பரிசாகவே இருக்கட்டும்.

ஆனால் பரிசு எது, விற்பனை எது என்பதைச் செய்கிறவர் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை வாங்குபவர் கையில் விட்டுவிட்டால், கொடுப்பது எல்லாமே பரிசாகிவிடும், வாங்குவது எல்லாமே பேரமாகிவிடும். விலை சொன்ன பிறகு விரும்பிக் கொடுக்கிற பரிசுக்குத்தான் பரிசென்று மதிப்பு.

பக்கத்து வீட்டுப் பெண் மறுபடியும் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு ஒண்ணு போட்டுத் தருவீங்களா அக்கா?"

அக்கா நோட்டைத் திறக்கிறார். "இது முப்பது மணி நேர வேலைம்மா. நூலோட சேர்த்து ரெண்டாயிரம் ஆகும். உனக்குன்னா ஆயிரத்து எண்ணூறு. இல்லைன்னா இதே டிசைன்ல சின்னதா ஒரு கோஸ்டர் செட் இருக்கு, பாக்கறியா?"

அந்தப் பெண் கொஞ்சம் திகைக்கலாம். விரிப்பை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்க்கலாம். இந்த முறை அவள் கண்ணில் படுவது நூல் மட்டுமாக இருக்காது.